மளிகைக் கடை திறப்பு விழா: பூஜை, விழா, வியாபாரம் மூன்றையும் ஒரே காலையில் சமாளிப்பது எப்படி?

கேள்வி இது: பேரூராட்சிக் கடைவீதியில் 1,000 சதுர அடியில் புதிய மளிகைக் கடை. ஆவணியில் திறப்பு. 300 பத்திரிகை அடிக்கிறார்கள், ஒன்றரை லட்சம் ரூபாய் வரை செலவு செய்யலாம். கணபதி ஹோமம், மேளம், காலை டிபன் எல்லாம் வேண்டும். எதை எப்போது செய்வது, எங்கே தவறு நடக்கும்?

திறப்பு விழா என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. பூஜை ஒன்று, விருந்தினரை அழைத்து ரிப்பன் வெட்டும் விழா ஒன்று, முதல் நாள் வியாபாரம் ஒன்று. மூன்றையும் முகூர்த்த நேரத்துக்குள் திணிப்பதால்தான் பெரும்பாலான குழப்பம் வருகிறது. ஐயர் பூர்ணாஹுதிக்குக் கூப்பிடுவார், வாசலில் சிறப்பு விருந்தினர் வந்து நிற்பார், கல்லாவில் யாரோ சர்க்கரை இரண்டு கிலோ கேட்பார். முதலாளி ஒருவரே மூன்று இடத்திலும் நிற்க முடியாது. அதனால் மூன்றுக்கும் தனித்தனி நேரம், தனித்தனிப் பொறுப்பாளர் என்று முதல் நாளே பிரித்துவிடுங்கள். மற்ற எல்லாமே இதிலிருந்து வருகிறது.

நாள் பார்ப்பதில் பஞ்சாங்கத்தோடு கடையின் தன்மையையும் சேர்த்துப் பாருங்கள். மளிகை வியாபாரம் சம்பளத் தேதியை ஒட்டியது. மாதம் 1 முதல் 7 வரை பட்டியல் போட்டு வாங்குகிறவர்கள், 20-க்குப் பிறகு நூறு ரூபாய் சாமானோடு திரும்புவார்கள். ஆவணி ஆகஸ்ட் 17 வாக்கில் பிறந்து செப்டம்பர் நடுவில் முடிவதால், செப்டம்பர் முதல் வாரத்தில் வளர்பிறை முகூர்த்தம் அமைந்தால் அதுதான் உங்களுக்குச் சரியான நாள். அமையாவிட்டால் ஆகஸ்ட் கடைசியில் திறந்து, சலுகையை மட்டும் மாத முதல் வாரத்துக்கு நீட்டுங்கள்.

கிழமையில் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வசதி உண்டு. எமகண்டம் 12:00 முதல் 1:30 வரை, ராகு காலம் மாலை 4:30 முதல் 6:00 வரை, ஆகவே காலை முழுவதும் தடையில்லாமல் கிடைக்கிறது. வெள்ளிக்கிழமை மகாலட்சுமிக்கு உகந்தது என்று விரும்புவார்கள்; ஆனால் ராகு காலம் 10:30-க்குத் தொடங்கிவிடும், அதற்குள் ரிப்பனும் போணியும் முடிந்தாக வேண்டும். 'திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா' என்ற பழைய வரியைக் கடை ஆள்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள். முதலெழுத்துகள் திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு. ராகு காலம் திங்கள் காலை 7:30-க்குத் தொடங்கி, இந்த வரிசையில் அடுத்தடுத்த கிழமைக்கு ஒன்றரை மணி நேரம் தள்ளிக்கொண்டே போகும். ஆவணி கல்யாண மாதம் என்பதையும் மறக்க வேண்டாம். பெரிய முகூர்த்த நாளில் சமையல்காரரும் மேளக்காரரும் கிடைக்க மாட்டார்கள், உறவினர்கள் மூன்று கல்யாணத்துக்கு நடுவே உங்கள் கடைக்கு ஓடி வருவார்கள். 45 நாளுக்கு முன்பே முன்பணம் கொடுத்துப் பேசிவிடுங்கள்.

ஆடி மாதத்தைச் சும்மா விட வேண்டாம். காகித வேலைகளுக்கு அது நல்ல மாதம். தொழில் உரிமம், உணவுப் பாதுகாப்புப் பதிவு, ஜிஎஸ்டி (பொருள் விற்பனைக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால் கட்டாயம்), மின் இணைப்பை வணிக இணைப்பாக மாற்றுவது ஆகியவை முடிந்திருக்க வேண்டும். எலெக்ட்ரானிக் தராசுக்கு எடையளவு ஆய்வாளரின் முத்திரை வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பருப்பு, ரவையை நீங்களே பாக்கெட் போட்டு வைப்பதானால் நிகர எடை, பொட்டலமிட்ட மாதம், விலை, கடை முகவரி, புகாருக்கான தொலைபேசி எண் எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். பெயர்ப் பலகையில் தமிழ் முதலில், பெரிதாக வர வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிறமொழி 5:3:2 என்ற விகிதத்தில் எழுதச் சொல்லி ஓவியரிடம் கொடுங்கள். பலகை மாட்டிய பிறகு மாற்றுவது இரட்டைச் செலவு.

அடுத்தது ஒத்திகை. விழாவில் அதிகம் கவனிக்கப்படாத, அதிகம் சேதம் செய்கிற விஷயம் இதுதான். முகூர்த்தத்துக்கு முன்னால் விற்கக் கூடாது என்பது நம் வழக்கம், அது இருக்கட்டும். ஆனால் பில் போட்டுப் பார்ப்பது விற்பனை ஆகாது. நான்கு நாள் முன்பு வீட்டு ஆள்களையே வாடிக்கையாளராக நிறுத்தி, அதிகம் ஓடும் நூறு சாமான்களையும் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, பில்லை அடித்து, பிறகு ரத்து செய்யுங்கள். அப்போதுதான் மூன்று ஓட்டைகள் தெரியும். ஒரே சோப்பு, ஒரே பார்கோடு, ஆனால் பழைய சரக்கு ஒரு எம்ஆர்பி, புதிய சரக்கு வேறு எம்ஆர்பி. இயந்திரம் எந்த விலையை எடுப்பது என்று கேட்டு நிற்கும். புதுப் பையன் கை வைக்கத் தயங்குவான், பின்னால் வரிசை நீளும். இரண்டாவது, எடைபோட்டுத் தரும் சாமான்களுக்குக் குறியீட்டு எண் யாருக்கும் மனப்பாடம் ஆகியிருக்காது. ஒரு அட்டையில் 30 சாமான்களின் எண்ணை எழுதித் தராசுக்கு மேல் ஒட்டிவிடுங்கள். மூன்றாவது யுபிஐ. க்யூஆர் அட்டையும் சவுண்ட் பாக்ஸும் திறப்புக்கு முதல் நாள் வந்தால், எந்த வங்கிக் கணக்கில் பணம் விழுகிறது என்று சரிபார்க்கவே நேரம் இருக்காது. ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்து, கணக்கில் ஏறியதா என்று கண்ணால் பாருங்கள்.

சில்லறைக்கு 5,000 ரூபாய் தனியாக வையுங்கள்: 10 ரூபாய் 150, 20 ரூபாய் 75, 50 ரூபாய் 30, மீதி 500-க்கு நாணயம். முதல் நாள் எல்லோரும் 500 ரூபாய் நோட்டைத்தான் நீட்டுவார்கள்.

பத்திரிகையில் பெயர் வரிசைதான் நெருப்பு. தலைமை, முன்னிலை, குத்துவிளக்கு ஏற்றுபவர், முதல் விற்பனை பெறுபவர் என்று அச்சிடும் ஒவ்வொருவரிடமும் நேரில் கேட்டு, வருவதாகச் சொன்ன பிறகே அச்சுக்குக் கொடுங்கள். எழுத்துப் பிழையைத் திருத்திய படியை அவர்கள் வீட்டிலேயே ஒருவரிடம் காட்டிவிட்டால் பட்டம், பதவி, தலைப்பெழுத்துத் தகராறு வராது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைத்துவிட்டு, அடுத்து வைக்க வேண்டியது உறவினருக்கு அல்ல, பக்கத்துக் கடைகளுக்கு. நாற்காலி போடப்போவது அவர்கள் வாசலில், வண்டி நிற்கப்போவது அவர்கள் கடைக்கு முன்னால். வீதியில் ஏற்கெனவே இருக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் தாம்பூலத் தட்டோடு நேரில் போய் வையுங்கள். சரக்குத் தட்டுப்படும் நாளில் ஒரு மூட்டை சர்க்கரை கைமாற்றுக்குக் கிடைப்பது அந்தக் கடையில்தான்.

பேனர் வைக்கிறவர்கள் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், சாலை நடுவே வைத்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் நிலைதடுமாறி விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரியில் சிக்கி உயிரிழந்தார். அனுமதி இல்லாத பேனருக்கு எந்த நியாயமும் இல்லை. முறைப்படி அனுமதி வாங்கினால் அனுமதி எண்ணையும் தேதியையும் பேனரின் கீழேயே அச்சிட வேண்டும். கடையின் சொந்த முகப்புக்குள் அடங்கும் ஒரு துணிப் பேனரும் வீடுவீடாகக் கொடுக்கும் 2,000 நோட்டீஸும் போதும். மளிகைக் கடைக்கு வாடிக்கையாளர் ஒன்றரை கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள்தான்; பைபாஸ் சாலையில் பேனர் வைத்து யாரைக் கூப்பிடப் போகிறீர்கள்?

ஒலிபெருக்கிக்கும் காவல் நிலைய அனுமதி தேவை. இரவு 10 முதல் காலை 6 வரை கூடவே கூடாது, கூம்பு ஒலிபெருக்கி எந்த நேரத்திலும் கூடாது. ஹோமம் ஐந்து மணிக்கு என்றால் மந்திரத்தை மைக்கில் போட முடியாது என்பதை ஐயரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இனி ஹோமம். செங்கல் 20, ஆற்று மணல் இரண்டு சட்டி, ஹோமகுண்டம், சமித்து, நெய் ஒன்றரை கிலோ, அருகம்புல், கலசச் செம்பு, மாவிலை, நூல், பச்சரிசி, தலைவாழை இலை, தேங்காய் 11, எலுமிச்சை 10, திருஷ்டிப் பூசணி ஒன்று என்று பட்டியல் போகும். அஷ்டதிரவியத்துக்கு மோதகம், அவல், நெல்பொரி, சத்துமாவு, கரும்பு, தேங்காய், எள், வாழைப்பழம். ஐயரே கொண்டு வருகிறாரா, நீங்கள் வாங்க வேண்டுமா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். 'எல்லாம் பார்த்துக்கலாம்' என்ற பதில் வந்தால், பட்டியலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று தரை. புதுக் கடையில் விட்ரிஃபைட் டைல்ஸ் போட்டிருப்பீர்கள். அதன்மேல் நேரடியாகக் குண்டத்தை வைத்து ஒன்றரை மணி நேரம் நெருப்பு எரிந்தால், டைல் நடுவில் மயிரிழைபோல் வெடிப்பு விழும், அல்லது படீரென்று தூக்கிக்கொள்ளும். இரண்டு அங்குலத்துக்கு மணல் பரப்பி, அதன்மேல் செங்கல்லை இடைவெளி விடாமல் ஒரு வரிசை அடுக்கி, அதற்கு மேல் குண்டம் வைக்க வேண்டும். மணலுக்குக் கீழே பழைய சாக்கை நனைத்து விரித்தால் தரையும் கீறாது. குண்டம் வாசலுக்கு அருகே, ஷட்டர் முழுதாகத் திறந்திருக்க, ஏசி அணைத்திருக்க வேண்டும். புகை உணரும் கருவி மாட்டியிருந்தால் அந்த நேரத்துக்கு மட்டும் நிறுத்தி, முடிந்ததும் மறக்காமல் போடுங்கள். சரக்குக்கும் புகை ஆகாது. டீத்தூள் பக்கத்து வாசனையை இழுத்துக்கொள்ளும். முன்வரிசை அலமாரிகளைப் பழைய வேட்டியால் மூடிவிட்டு, ஹோமம் முடிந்ததும் எடுங்கள்.

கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களில் ஹோமத்துக்குப் பதிலாக ஜெபம் அல்லது துஆ இருக்கும். நெருப்பு வேலை மட்டும் குறையும், மற்ற ஏற்பாடு எல்லாம் இதேதான்.

ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டால் நேரம் இப்படிப் போகலாம்: 4:45-க்கு ஷட்டர் திறந்து கோலம்; 5:15 முதல் 6:45 வரை ஹோமம்; முகூர்த்தம் 6:00 முதல் 7:30 வரை என்றால் அதற்குள் சுவாமி படத்துக்கும் கல்லாவுக்கும் பூஜை முடித்து, 7:15-க்கு முதல் போணி. இதில் குடும்பத்தாரும் மிக நெருங்கியவர்களும் மட்டும். 7:30-க்கு டிபன் தொடக்கம். 9:00-க்கு மேளம், 9:30-க்கு ரிப்பன், குத்துவிளக்கு. 10:15-க்குப் பொது வியாபாரம். பத்திரிகையில் '9:30 மணி அளவில்' என்று விழா நேரத்தைப் போடுங்கள். சிறப்பு விருந்தினர் பத்து மணிக்கு வந்தாலும் முகூர்த்தம் தவறாது, ஏனென்றால் போணி ஏற்கெனவே ஆகிவிட்டது. அவர் வரவே முடியாமல் போனால் யார் ரிப்பன் வெட்டுவது என்பதையும் முன்பே முடிவு செய்து, அவரிடம் சொல்லி வையுங்கள். வீட்டில் மூத்த பெண்மணி ஒருவர் இருந்தால் அவரைவிடப் பொருத்தமானவர் கிடையாது.

முதல் போணிக்கு ஒரு பையில் கல் உப்பு, மஞ்சள், சர்க்கரை, துவரம்பருப்பு தலா ஒன்று எடைபோட்டுத் தயாராக இருக்கட்டும். கைராசிக்காரர் என்று நீங்கள் நம்புகிறவரிடம் பணம் வாங்கி, அசல் பில் கொடுத்து, அந்த நோட்டைச் சுவாமி படத்தின் முன் வையுங்கள். தூக்கிக் கொடுக்கிற கை தடுமாறாமல் இருக்க, பையைக் கல்லாவுக்குக் கீழேயே வைத்திருப்பது நல்லது.

குத்துவிளக்கில் எண்ணெய் ஊற்றி ஐந்து திரியையும் அரை மணி நேரம் முன்பே ஊறப் போடுங்கள். காய்ந்த திரி பிடிக்காது. விருந்தினர் மெழுகுவத்தியோடு குனிந்து நிற்க, நான்கு பேர் கையைக் குவித்துக் காற்றை மறைக்கும் காட்சிதான் போட்டோவில் வரும். திரி நுனியில் மிளகளவு கற்பூரம் வைத்தால் தொட்டவுடன் பிடித்துக்கொள்ளும். மேலே ஃபேன் ஓடக் கூடாது. ரிப்பன் சாட்டின் துணி. பூஜைத் தட்டில் வைக்கும் அலங்காரக் கத்தரிக்கோல் அதை வெட்டாது, மடித்துக் கடிக்கும். தையல்காரர் கத்தரிக்கோல் ஒன்றை வாங்கி, ஒரு துண்டு ரிப்பனை வெட்டிப் பார்த்துவிட்டுத் தட்டில் வையுங்கள். போட்டோகிராபர் கடைக்கு உள்ளே, ரிப்பனுக்கு எதிரே நிற்க வேண்டும். வெளியே நின்றால் முதுகுகள்தான் பதிவாகும்.

வாசலுக்கு இரண்டு குலை வாழை, மாவிலைத் தோரணம், தென்னங்குருத்துத் தோரணம் போதும். வாழையின் வெட்டுவாயிலிருந்து வடியும் கறை சட்டையில் பட்டால் போகாது, புதுப் பெயிண்டிலும் போகாது. அடியையும் வெட்டிய மட்டைகளையும் பழைய துணியால் சுற்றிக் கட்டச் சொல்லுங்கள். பலூன் வளைவு வைத்தால் வெறும் காற்றுப் பலூன் மட்டும். ஹைட்ரஜன் அடைத்த பலூன் விளக்குச் சுடர் பட்டால் தீப்பிடித்து வெடிக்கும். மேளம் இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதிப்பெட்டி கொண்ட செட்டாக வரும். அவர்களுக்கு உட்கார நிழலான மேடையும் வந்தவுடன் டிபனும் தயாராக இருக்கட்டும்.

டிபனுக்கு 300 பத்திரிகை என்றால் வழிப்போக்கரையும் சேர்த்து 350 இலை என்று எண்ணுங்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சமைக்கக் கூடாது. 250 பேருக்குச் சமைத்துவிட்டு, மீதி நூறு பேருக்கு மாவும் ரவையும் பச்சையாகக் கையில் இருக்கட்டும். 8:45-க்கு இலை எண்ணிக்கையைப் பார்த்து அடுத்த ஈடு ஊற்றலாம். 250 பேருக்குத் தலா இரண்டு இட்லி, ஒரு கரண்டி பொங்கல், ஒரு வடை, கேசரி, காபி என்றால் கணக்கு ஏறக்குறைய இது: இட்லிக்கு அரிசி 10 கிலோ, உளுந்து இரண்டரை, பொங்கலுக்குப் பச்சரிசி ஆறரை, பாசிப்பருப்பு இரண்டு, மெதுவடைக்கு உளுந்து ஐந்தரை, கேசரிக்கு ரவை மூன்றரை, சர்க்கரை ஆறு, நெய் இரண்டரை, சாம்பாருக்குத் துவரம்பருப்பு நான்கு, காபிக்குப் பால் 20 லிட்டர், தூள் ஒன்றரை கிலோ. குடிதண்ணீர் 20 லிட்டர் கேன் எட்டு. கை கழுவத் தனித் தொட்டி, எச்சில் இலைக்கு இரண்டு பெரிய கூடை. உங்கள் கடைச் சரக்கிலேயே சமையுங்கள். சாம்பார் நன்றாக இருந்தால் 'எந்தப் பருப்பு?' என்று கேட்பார்கள். அதைவிட நல்ல விளம்பரம் இல்லை.

பிளாஸ்டிக் டம்ளர், பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப், கேரி பேக் எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. பலர் சிக்குவது தாம்பூலப் பையில். துணி மாதிரியே தோன்றும் நான்-ஓவன் பையும் தடைப் பட்டியலில் இருக்கிறது; அதில் கடைப் பெயரை அச்சடித்து 500 பை கொடுத்தால், உங்கள் பெயரோடு நீங்களே சாட்சி கொடுத்தது போலாகும். பருத்தி மஞ்சப்பை வாங்குங்கள். அது மூன்று வருஷம் உங்கள் பெயரைச் சுமந்துகொண்டு சந்தைக்குப் போய்வரும்.

சலுகை விஷயத்தில் ஒரு கறாரான கருத்து: ஒரு ரூபாய்க்கு ஒரு கிலோ சர்க்கரை மாதிரியான அறிவிப்பு வேண்டவே வேண்டாம். ஐந்து பைசா நாணயத்துக்குப் பிரியாணி என்று அறிவித்த கடைகளின் முன்னால் கூட்டம் எப்படி முண்டியது என்று பார்த்திருப்போம். அந்தக் கூட்டம் வாடிக்கையாளர் ஆகாது. தள்ளுமுள்ளில் ஒரு வயதானவர் விழுந்தால் கடையின் பெயர் அதோடு சேர்ந்துவிடும். குலுக்கல் பரிசும் வேண்டாம். பொருள் வாங்குவோருக்குக் குலுக்கலில் பரிசு தரும் திட்டங்களைத் தடுக்க 1979-லிருந்தே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. அகில இந்தியப் போட்டி விளம்பரங்களில் 'தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது' என்று சிறிய எழுத்தில் வருவது அதனால்தான். மாறாக, 500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 30 ரூபாய் கூப்பன், அடுத்த மாதம் 1 முதல் 10 தேதிக்குள் செல்லும் என்று கொடுங்கள். எல்லோருக்கும் உண்டு, அதிர்ஷ்டம் எதுவும் இல்லை, இரண்டாம் முறை உள்ளே வரக் காரணமும் கிடைக்கிறது.

செலவைப் பிரித்தால் டிபனுக்கு 45,000, பந்தல், நாற்காலி, விளக்கு, ஜெனரேட்டருக்கு 25,000, பூஜைக்கும் தட்சணைக்கும் 15,000, மேளம் 12,000, அலங்காரம் 12,000, பைகள் 12,000, பத்திரிகையும் நோட்டீஸும் 10,000, போட்டோ 8,000, கைச்செலவுக்கு 11,000. ஊருக்கு ஊர் விலை மாறும், விகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டரை வெட்ட வேண்டாம். பில் இயந்திரமும் தராசும் கரண்ட் போனால் நின்றுவிடும்.

திருஷ்டிப் பூசணியை நடுச்சாலையில் உடைத்துவிட்டுப் போவது பைக்கில் வருபவரை வழுக்கி விழவைக்கும். வாசல் ஓரத்தில் உடையுங்கள், நாணயத்தைப் பொறுக்கியவுடன் விளக்குமாறும் ஒரு வாளித் தண்ணீருமாக ஒருவர் தயாராக நிற்கட்டும். பைக்குகளுக்குப் பக்கத்துக் காலி மனையைக் கேட்டு வாங்கி, ஒரு பையனை நிறுத்துங்கள். மொய், அன்பளிப்பு வாங்குவதற்குக் கல்லாவில் இல்லாத ஒருவர், ஒரு நோட்டு, ஒரு பூட்டிய பெட்டி. வியாபாரப் பணமும் மொய்ப் பணமும் கலந்தால் முதல் நாள் கணக்கே சேராது. சிசிடிவி பதிவாகிறதா என்று காலையிலேயே பாருங்கள். விழாக் கூட்டத்தில் சிறு திருட்டு நடக்கும், அதுவும் விலையுயர்ந்த நெய், முந்திரி, ஷாம்பு அலமாரிகளில். அந்த அலமாரிக்கு அருகே ஒரு ஆள் நிற்பது போதும்.

மறுநாள் காலை வழக்கம்போல ஆறு மணிக்குத் திறந்துவிட வேண்டும். நேற்றைய அலைச்சலில் ஆள்கள் ஓய்ந்து போயிருப்பார்கள் என்று எட்டு மணிக்குத் திறந்தால், பாலும் தயிரும் வாங்க வந்தவர் பூட்டைப் பார்த்துவிட்டுப் பழைய கடைக்கே திரும்பிப் போவார். அதற்காகவே விழாவில் வேலை செய்யாத இரண்டு பேரை முதல் நாள் மாலையே வீட்டுக்கு அனுப்பித் தூங்கச் சொல்லுங்கள். வாழை மரம் வாடுவதற்குள், மூன்றாம் நாள் அவிழ்த்துவிடுங்கள். பேனர் அனுமதி முடியும் தேதியன்று நீங்களே கழற்றுங்கள். அந்த வாரத்துக்குள் பக்கத்துக் கடைக்காரர்களிடமும், நாற்காலி போட இடம் கொடுத்தவரிடமும் ஒரு கிலோ இனிப்போடு நேரில் போய் வாருங்கள்.